ஒற்றைக் கொம்பா, இரட்டைக் கொம்பா?

அழகின் விலை பதினாறு பெஞ்சு.

விலைமதிப்பற்றது என்று உலகமே கைவிரித்துவிட்ட ஒரு சரக்குக்கு இவ்வளவு கறாராக விலை கண்ட பெருமை எங்கள் நகராட்சியையே சேரும். பூங்காவில் போட ஒதுக்கியிருந்த பதினாறு பெஞ்சுகளின் பணத்தில்தான் நகராட்சி தன் எழுத்துகளுக்கு அழகு வாங்கியது. இப்போது பூங்காவுக்குப் போகிறவர்கள் நிற்கிறார்கள். நின்றபடியே, 'இருக்கைகள் விரைவில்' என்ற அறிவிப்பை மிக அழகான எழுத்தில் படிக்கிறார்கள். நாகரிகம் என்பது வேறென்ன?

அழகை விற்றவர் ஒரு வடிவமைப்பு ஆலோசகர். எதைக் காட்டினாலும் "இன்னும் கொஞ்சம் வெற்றிடம் விடுங்க சார்" என்பார். அதனால் கடைத்தெருவில் அவருக்கு 'வெற்றிடம்' என்றே பெயர். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. விசிட்டிங் கார்டின் நடுவில் அந்தப் பெயரையே அச்சடித்துக்கொண்டார். போன் நம்பர் இல்லை. போட்டால் அழகு கெட்டுவிடுமாம்.

என்னுடையது காகிதமும் கவரும் விற்கும் கடை. நகராட்சிக்குக் காகிதம் கொடுப்பது நான்தான் என்பதால், வெற்றிடம் தன் படைப்பை ஆணையர் மேடத்துக்கு விளக்கிய அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க கூட்டத்தில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது.

வெற்றிடம் பழைய உத்தரவுத் தாள் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். "மேடம், இதைப் பாருங்க. எவ்வளவு கொழுப்பு!"

ஆணையர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாருக்கு?"

"எழுத்துக்கு மேடம். சுழி, வளைவு, வாலுன்னு எல்லாம் தொங்குது. இப்ப இதைப் பாருங்க. எப்படி இளைச்சிருக்கு!"

புதிய தாளில் எழுத்துகள் உண்மையிலேயே இளைத்திருந்தன. நீண்ட காய்ச்சலுக்குப் பின் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பவை போல ஒவ்வொன்றும் தள்ளித் தள்ளி நின்றன.

"படிக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டேன். வியாபாரி புத்தி.

"படிக்கிறது ரெண்டாவது சார். முதல்ல பார்க்கணும்," என்றார் வெற்றிடம்.

ஆணையர் பார்த்தார். பார்த்ததோடு திருப்தி அடைந்தார். இனி எந்த உத்தரவானாலும் அதன் வாசகம் வெற்றிடத்துக்குப் போகும், அவர் அதைத் தன் அழகிய தாளில் பொருத்திப் படமாக்கித் திருப்பி அனுப்புவார், ஆணையர் கையெழுத்திடுவார், பழைய வாசகம் அழிக்கப்படும், ஏனென்றால் அது இடத்தை அடைக்கிறது. இப்படி ஓர் ஏற்பாடு ஒருமனதாக நிறைவேறியது.

புதிய எழுத்தில் பிறந்த முதல் உத்தரவு எங்கள் தெருவுக்கே வந்தது. நாங்கள் பூரித்துப் போயிருக்க வேண்டும்.

எங்கள் தெருவின் கோடியில் ஒரு தொல்பொருள் கடை உண்டு. அதன் முதலாளியை எல்லோரும் 'பழசு' என்பார்கள். பழைய கடிகாரம், பழைய கதவு, பழைய விளக்கு எல்லாம் அவரிடம் கிடைக்கும். சொந்தக்காரர் இரவு தூங்கிக் காலையில் எழுவதற்குள் எந்தப் பொருளும் அவர் கடையில் பழசாகிவிடும். அத்தனை வேகம். அதைப் பற்றி நகராட்சிக்குப் புகார்கள் போய்க்கொண்டே இருந்தன. தெருவின் நடுவில், என் கடைக்கு அடுத்த கடை, என் அக்காவுடையது. பை, பெல்ட், ஷூ என்று எல்லாம் தோலில் செய்து விற்கும் தோல்பொருள் கடை.

இங்கே தமிழ் நெடுங்கணக்கை வணங்கி ஒரு சிறு விளக்கம். 'தொ' எழுத, தகரத்துக்கு முன்னால் ஒற்றைக் கொம்பு போட வேண்டும். 'தோ' எழுத இரட்டைக் கொம்பு. வித்தியாசம் உச்சியில் ஒரே ஒரு சுழி. அந்தச் சுழி கூடினால் பழமை தோலாகிவிடும். குறைந்தால் தோல் பழமையாகிவிடும். எங்கள் நகராட்சியின் புதிய எழுத்தில் அந்தச் சுழிதான் இல்லை. அதுவும் கொழுப்பில் சேர்ந்ததாம்.

உத்தரவை எடுத்துக்கொண்டு முத்திரை வைக்கும் ஊழியர் வந்தார். எப்போதும் அவர் மேல் உருகிய அரக்கின் வாசனை அடிக்கும்; பெயரும் 'அரக்கு'தான். தெருக்கோடியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், அக்கா கடைக்குள் நுழைந்தார்.

"அம்மா, கொஞ்சம் வெளிய வாங்க. கடையை மூடணும்."

"மத்தியானம் சாப்பிடப் போறப்பதான் மூடுவேன். இப்ப என்ன அவசரம்?"

"நீங்க மூட வேணாம். நான் மூடறேன்."

"என் கடையை நீ எதுக்குப்பா மூடணும்? உனக்குன்னு கடை இல்லையா?"

அரக்கு உத்தரவை நீட்டினார். "போட்டிருக்கு பாருங்க. தோல்பொருள் கடையை உடனே மூடி முத்திரையிடணும்னு." பக்கத்தில் தொங்கிய பையைத் தடவினார். "இது தோலுதானே?"

"தோலுதான். அசல் தோல். தண்ணி ஊத்தினாலும்..."

"ஒத்துக்கிட்டாங்க," என்று சொல்லிக்கொண்டே அரக்கு குறித்துக்கொண்டார்.

நான் ஓடிப்போய்த் தாளை வாங்கிப் பார்த்தேன். 'மேற்படி தெருவில் இயங்கும்' என்று தொடங்கியது. அதற்கடுத்த சொல்லை எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். "சார், இது தொல்பொருள் கடைங்க. தெருக்கோடில இருக்கற பழசு கடை. அக்கா கடை இல்லை," என்றேன்.

"உங்க கண்ணுக்கு அப்படித் தெரியுது. என் கண்ணுக்கு இப்படித் தெரியுது. சம்பளம் வாங்கறது என் கண்ணு," என்றார் அரக்கு.

"சரிப்பா, ஒரு நிமிஷம். மேசை மேல ஒரு ஜோடி ஷூ இருக்கு. அதை மட்டும் எடுத்துக்கறேன். சாயங்காலம் டீச்சர் வாங்க வருவாங்க," என்றாள் அக்கா.

"மேசையும் உத்தரவுக்கு உட்பட்டது. மேசை மேல இருக்கறதும் உட்பட்டது."

கண்ணாடிக் கதவில் முத்திரை அரக்கு உருகி வழிந்தது. உள்ளே, மேசைமேல், அந்த ஷூ இரண்டும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த ஷூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சருக்கு இடது கால் சற்றுக் கட்டை. கடையில் விற்கும் எந்த ஷூ போட்டாலும் இடுப்பு கோணி, மாலைக்குள் வலி பிடுங்கிவிடும். அக்கா அளவெடுத்து, இடது ஷூவின் அடியை மட்டும் அடுக்கடுக்காகத் தோல் வைத்துத் தடிமனாக்கி, தேய்த்து, திரும்பத் தேய்த்து, அன்று காலைதான் முடித்திருந்தாள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தெரியாமல் செய்வதுதான் அதில் வித்தை. நகராட்சியின் எழுத்துக்கும் அதே வித்தை தெரிந்திருந்தது என்பது தற்செயல்.

அன்று மாலையே அக்காவும் நானும் ஆணையரிடம் போய் நின்றோம். அவர் எங்களை மரியாதையாக உட்கார வைத்தார். அலுவலகத்தில் பெஞ்சு இருந்தது.

"நீங்க கையெழுத்துப் போட்டது எந்தக் கடைக்குன்னு நீங்களே சொல்லிட்டா முடிஞ்சு போச்சு மேடம்," என்றேன்.

ஆணையர் கையை உயர்த்தினார். "நான் சொல்லக் கூடாது. நான் என்ன நினைச்சேன்னு சொன்னா அது உள்நோக்கம் ஆயிடும். உத்தரவு என்ன சொல்லுதோ அதுதான் உத்தரவு."

"அது ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே!" என்றாள் அக்கா.

"அதனாலதான் அதை யாரும் மீற முடியாது."

"அப்ப ரெண்டு கடையையும் மூடிடுங்க. எனக்குத் துணையாவது கிடைக்கும்."

"முடியாதும்மா. 'கடையை'ன்னு ஒருமையில இருக்கு."

அக்கா என் பக்கம் திரும்பி, "இவங்க இலக்கணத்துல மட்டும் ரொம்ப கண்டிப்பு போலிருக்கே," என்றாள்.

ஆணையர் வெற்றிடத்தை வரவழைத்தார். இது எந்த எழுத்துரு, அதன் இயல்பு என்ன, அதில் ஒற்றைக் கொம்புக்கு எது வடிவம், இரட்டைக் கொம்புக்கு எது வடிவம் என்று கேட்டார். இது தெரிந்துவிட்டால் சொல் தெரிந்துவிடும். சொல் தெரிந்தால் கடை தெரிந்துவிடும்.

"எல்லாத்தையும் கர்வ் ஆக்கிட்டேனே மேடம்," என்றார் வெற்றிடம்.

"அப்படின்னா?"

"எழுத்து எழுத்தா இருக்காது. வெறும் கோடா, படமா ஆயிடும். வேற யாரும் அதை மாத்த முடியாது. என்ன ஃபான்ட்னும் கண்டுபிடிக்க முடியாது."

"உங்களால?"

"நானும் அந்த வேற யாரோல ஒருத்தன்தானே மேடம்."

"ஃபைல்ல பேர் இருக்குமே?" என்றேன் நான்.

"இருக்கு சார். 'கடைசி', 'உண்மையான கடைசி', 'இதுதான் கடைசி'ன்னு மூணு ஃபைல். எதுல எந்த ஃபான்ட் போட்டேன்னு..." அவர் கைகளை விரித்தார். நடுவில் நிறைய வெற்றிடம்.

ஒரு சாதாரண அலுவலகமாயிருந்தால் இந்த இடத்தில் தலையில் கைவைத்துக்கொண்டிருக்கும். எங்கள் நகராட்சி குழு அமைத்தது. 'அடையாளம் தெரியாத எழுத்துரு அடையாளக் குழு.' தலைவர் ஆணையர். அந்த எழுத்துருவோடு நெருங்கிப் பழகியவர் என்ற முறையில் வெற்றிடமே நிபுணர். அதற்குத் தனிச் சன்மானம். உண்டாக்கியவருக்கே தெரியாத ஒன்றைக் கண்டுபிடிக்க உண்டாக்கியவரைவிடத் தகுதியான ஆள் யார்? பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் அக்காவுக்குப் பார்வையாளர் நாற்காலி. நடவடிக்கைக் குறிப்பு எழுதக் காகிதம் வேண்டுமென்பதால் எனக்குப் 'பொதுமக்கள் பிரதிநிதி' பதவி.

முதல் கூட்டத்தில் வெற்றிடம் கணினியைத் திறந்தார். ஓர் எழுத்தைப் படம் பிடித்து உள்ளே போட்டால் அது எந்த எழுத்துரு என்று சொல்லும் மென்பொருள் ஒன்று இருக்கிறதாம். 'தொ' என்றோ 'தோ' என்றோ இருந்த அந்த எழுத்தைப் போட்டார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். திரையில் ஒரு சக்கரம் சுற்றியது. பிறகு விடை வந்தது.

"என்ன சொல்லுது?" என்றார் ஆணையர்.

"படர்கொடின்னு சொல்லுது மேடம். தொண்ணூத்தி ரெண்டு சதவீதம் உறுதியா."

"எந்தக் கொடி?"

"அதைத் தெரிஞ்சுக்க இலையைக் காட்டச் சொல்லுது."

விஷயம் தோட்டக்கலைப் பிரிவின் கருத்துக்கு அனுப்பப்பட்டது. அவர்கள் உடனே பதில் எழுதினார்கள். அந்தப் பிரிவின் சுறுசுறுப்பை நான் என்றும் மறக்க மாட்டேன். பதில் இது: 'நேரடி வெயில் படாமல் வைக்கவும். காலையில் மட்டும் தண்ணீர் ஊற்றவும்.'

ஆணையர் அதை நன்றியுடன் பதிவு செய்யச் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து வந்து உத்தரவை மேசையில் விரித்தாள்.

"இங்க பாருங்கம்மா. 'மேற்படி'ன்னு போட்டிருக்கு. முன்னால ஒரு கொம்பு. பக்கத்துலயே 'தெருவில்'னு போட்டிருக்கு. அதுக்கும் முன்னால ஒரு கொம்பு. ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு. இந்த எழுத்துல வித்தியாசமே கிடையாது. அப்புறம் இதோட பேரைக் கண்டுபிடிச்சு என்ன பண்ணப் போறீங்க, காது குத்தப் போறீங்களா?"

அக்கா சொன்னது நியாயமாக இருந்ததால் குழுவே ஆபத்தில் இருந்தது.

வெற்றிடம்தான் மீட்டார். "அக்கா சொல்றது ஒரு கோணம். ஆனா அது 'மேற்படி'தான்னு நாம எப்படிச் சொல்றோம்? பழக்கத்துல சொல்றோம். 'மெற்படி'யாவும் இருக்கலாம். இது 'தேருவில்'லாவும் இருக்கலாம்."

ஆணையரின் முகம் மாறியது. "அப்படின்னா தெருவே சந்தேகமா?"

"ஆராய்ச்சின்னு வந்துட்டா எதையும் அப்படியே நம்பிடக் கூடாது மேடம்."

'மேற்படி தெருவின் இருப்பே ஐயத்துக்குரியது என்று நிபுணர் கருதுகிறார்' என்று குறிப்பெழுதப்பட்டது. அந்தத் தெருவில்தான் நான் பல காலமாகக் கடை வைத்திருக்கிறேன். வாடகை கொடுத்தும் வருகிறேன். கொஞ்சம் கலங்கித்தான் போனேன்.

இதற்கிடையில் மழை பிடித்துக்கொண்டது.

தோலுக்கும் மழைக்கும் ஆகாது. பூட்டிய கடையில், காற்றில்லாமல், ஈரம் சுவர் வழியாக உள்ளே இறங்கினால் தோல் சும்மா இருக்காது. காலையில் நான் கடை திறக்கும்போது அக்கா தன் கடையின் கண்ணாடிக் கதவில் நெற்றியை ஒட்டி நிற்பாள். மூச்சுக்காற்றில் கண்ணாடி மங்கும், துடைத்துவிட்டுப் பார்ப்பாள்.

"டேய், அந்தக் கறுப்புப் பை சாம்பல் பூத்திருக்குடா. பெல்ட்டெல்லாம் வெள்ளையா கிடக்கு. ஷூ மேலயும் ஏறிக்கிட்டு வருது."

"அக்கா, கூட்டத்துல சொல்றேன்."

"பெரிசா ஒண்ணும் வேணாம்டா. ஒரு காய்ஞ்ச துணி, கொஞ்சம் எண்ணெய், அரை நாள். நாலு தடவை அழுத்தித் துடைச்சா பிழைச்சுக்கும். கை எட்டற தூரத்துல இருக்கு. எட்ட மாட்டேங்குது."

டீச்சர் வந்தார். சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டுதான் நிற்பார். கண்ணாடி வழியாகத் தன் ஷூவைப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்குங்க," என்றார்.

"நல்லாத்தான் வந்துச்சு. இப்ப வெளிய வர மாட்டேங்குது," என்றாள் அக்கா.

"பரவாயில்லைங்க. லீவு முடிஞ்சு ஸ்கூல் திறக்கறதுக்குள்ள கிடைச்சாப் போதும். இந்த வருஷம் ஆறு வகுப்பு குடுத்திருக்காங்க. நின்னுக்கிட்டே இருக்கணும்."

அவர் நகர்ந்து போவதை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கூட்டத்தில் கேட்டேன். "பொதுமக்கள் சார்பா ஒரு விண்ணப்பம் மேடம். முத்திரையை எடுத்து, உள்ள போய்த் துடைச்சுட்டு, திரும்ப வச்சிடலாமா?"

ஆணையர் அதிர்ந்துவிட்டார். "ஆதாரத்தைத் துடைக்கச் சொல்றீங்களா?"

அரக்கு வாசலிலிருந்து முணுமுணுத்தார். "முத்திரை வைக்கத்தான் எனக்கு உத்தரவு. எடுக்க வேற ஆளு."

"அந்த ஆளு யாரு?"

"அந்த இடம் காலியா இருக்கு."

வெற்றிடத்தின் முகம் மலர்ந்தது. அந்தச் சொல்லை எங்கே கேட்டாலும் அவருக்கு அப்படித்தான்.

நல்ல முயற்சிகளுக்கு நாட்டில் ஆதரவு இல்லை என்பார்கள். பொய். தெருக்கோடியிலிருந்து பழசு முதலாளியே நேரில் வந்தார். கடை ஜாம்ஜாமென்று நடந்துகொண்டிருந்தும் ஆராய்ச்சிக்காக நேரம் ஒதுக்கியிருந்தார்.

"அவசரப்படாதீங்க மேடம். எதுவும் ஊற ஊறத்தான் மதிப்பு," என்றார். எழுத்தை உற்றுப் பார்க்கக் குழுவுக்கு ஒரு பெரிய பூதக்கண்ணாடியை அன்பளிப்பாகக் கொடுத்தார். அதன் வெள்ளிப் பிடியில் யாரோ ஒரு டாக்டரின் பெயர் பாதி சுரண்டப்பட்டிருந்தது.

"அண்ணே, இது எந்த டாக்டரோடது?" என்றாள் அக்கா.

"பழங்காலத்து டாக்டர்ம்மா."

"நேத்து ராத்திரி எத்தனை மணிக்கு?"

பழசு சிரித்தார். அவருக்குப் பெரிய மனது.

கடைசியில் அந்த நாள் வந்தது. வெற்றிடம் மழையில் நனைந்தபடி ஓடிவந்தார். கண்கள் பளபளத்தன. "கிடைச்சிடுச்சு மேடம்! என் கம்ப்யூட்டர்ல குப்பைத்தொட்டியில இருந்தது. எங்கேயோ இலவசமா இறக்கின ஃபான்ட்."

"பேர் என்ன?" என்றார் ஆணையர், எழுந்து நின்று.

"பெயரில்லாதது. அடைப்புக்குறிக்குள்ள ரெண்டு."

எல்லோரும் கைதட்டினோம். பெயர் தெரியாத எழுத்துருவின் பெயர் பெயரில்லாதது என்று நிறுவப்பட்டது. இதைவிடப் பொருத்தமான முடிவை எந்த ஆராய்ச்சியும் எட்டியிருக்க முடியாது.

"அதுல இரட்டைக் கொம்பு எப்படி இருக்கும்?" என்றேன்.

வெற்றிடம் கொஞ்சம் தயங்கினார். "அதுல இரட்டைக் கொம்பே இல்லை சார். செஞ்சவர் முழுசா செய்யலை. பாதி வரைஞ்சிட்டு இருக்கும்போது வேற வேலை கிடைச்சிடுச்சாம். ஒற்றைக் கொம்பையே ரெண்டு இடத்துலயும் போட்டு விட்டுட்டுப் போயிட்டார்."

"அப்ப இது இளைச்ச எழுத்து இல்லை," என்றாள் அக்கா. "அரைகுறை எழுத்து."

"அரைகுறைன்னு சொல்லக் கூடாதுக்கா. திறந்த முடிவு."

"இலவசம்னு சொன்னீங்களே?" என்றார் ஆணையர். பெஞ்சுகள் ஒரு கணம் அவர் மனக்கண்ணில் வந்து போயிருக்க வேண்டும்.

"எழுத்துதான் இலவசம் மேடம். பொறுக்கி எடுத்தது நான்."

ஆணையர் தலையசைத்தார். இப்படி ஒரு விளக்கத்துக்குப் பிறகு கேள்வி கேட்பவர் ரசனையில்லாதவர். ஆனாலும் கோப்பை முடிக்க வேண்டுமே! சொல்லுக்குப் பொருள் தெரியாவிட்டால் பொருளையே போய்ப் பார்த்துவிடுவது என்று குழு முடிவு செய்தது. தாளில் இருப்பது ஒற்றைக் கொம்புதான் என்பதால், உள்ளே இருப்பது தொல்பொருளாக இருந்தால் உத்தரவு சரி. தோல்பொருளாக இருந்தால் அக்காவிடம் சாவி. அக்கா பல நாள் கழித்துச் சிரித்தாள். டீச்சருக்கும் சொல்லி அனுப்பினாள்.

குழு முழுவதும் ஊர்வலமாக எங்கள் தெருவுக்கு வந்தது, அப்படி ஒரு தெரு இருப்பதாக வைத்துக்கொண்டால். எடுக்கும் ஆள் இல்லாததால் ஆணையரே குடையின் காம்பால் முத்திரையைத் தட்டினார். கதவு திறந்தது.

வாடை முகத்தில் அறைந்தது. சுவர் முழுக்கத் தொங்கிய பைகளில் பச்சையும் சாம்பலுமாகப் பூசணம் பஞ்சு போலப் படர்ந்திருந்தது. பெல்ட்டுகள் விறைத்து வெடித்திருந்தன. அக்கா நேராக மேசைக்குப் போய் ஷூவைத் தூக்கினாள். அடுக்கி ஒட்டிய அடி அவள் கையிலேயே ஏடு ஏடாகப் பிரிந்து விழுந்தது. கொண்டுவந்திருந்த துணியை அவள் பிரிக்கவே இல்லை. டீச்சர் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆணையர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு பூதக்கண்ணாடியில் ஒரு பையை ஆராய்ந்தார். "எந்தக் காலத்துது இது?"

"போன கோடைல தைச்சது," என்றாள் அக்கா.

"பார்த்தா அப்படித் தெரியலையே!"

அரக்கு விதிப் புத்தகத்தைத் திறந்து படித்தார். "'தொல்பொருள் என்பது, அன்றாடப் பயன்பாட்டிலிருந்து நீங்கி, பூட்டிய இடத்தில், அரசு முத்திரையின் பாதுகாப்பில் இருந்து, பழமையின் அடையாளங்களைத் தாங்கி நிற்கும் எப்பொருளும் ஆகும்.'"

அனைவரும் அனைத்தையும் திரும்பிப் பார்த்தார்கள். பயன்பாட்டில் இல்லை. பூட்டியிருந்தது. முத்திரை இருந்தது. பழமைக்குக் குறைவே இல்லை.

"உத்தரவு சரி," என்றார் ஆணையர் நிம்மதியாக. "ஆரம்பத்துலேர்ந்தே சரி."

"நீங்க பூட்டினதாலதாம்மா இப்படி ஆச்சு!"

"பாதுகாத்ததால ஆச்சுன்னு சொல்லுங்க."

அக்கா குரலை இறக்கினாள். வியாபாரத்தில் கடைசி விலை பேசும்போது வரும் குரல். "சரிம்மா. தொல்பொருளாவே இருக்கட்டும். நஷ்ட ஈடு குடுங்க. விட்டுடறேன்."

ஆணையர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "தோல்பொருளா இருந்தா விலை போட்டுக் குடுத்திருப்பேன். தொல்பொருள் விலைமதிப்பில்லாதது. அதுக்கு எப்படிம்மா நான் விலை போடறது?"

இன்று அவை எல்லாம் நகராட்சி நடைகூடத்தில் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன. உத்தரவில் சொன்ன கடை தன்னுடையது அல்ல என்று பழசு முதலாளி சான்றிதழ் வாங்கிக்கொண்டார். அந்தத் தகுதியில் காட்சிக்கூடத்துக்கு அவர்தான் ஆலோசகர். பெயர்ச்சீட்டுகள் வெற்றிடத்தின் எழுத்தில். ஷூவுக்குக் கீழே இப்படி இருக்கிறது: 'அறியப்படாத மரபினரின் பாதணி. ஒரு பாதம் உயரமானது. படிக்கட்டில் நின்றே வாழ்ந்தவர்களாக இருக்கலாம்.'

பள்ளிக்கூடம் திறந்த அன்று மாலை டீச்சர் அதைப் பார்க்க வந்தார். நானும் அக்காவும் உடன் போனோம். அவர் கண்ணாடியில் ஒரு கையை ஊன்றி நின்று சீட்டைப் படித்தார். காவலாளி ஓடிவந்தார்.

"பெட்டியைத் தொடாதீங்க. தள்ளி நில்லுங்க."

"என் ஷூங்க அது," என்றார் டீச்சர்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

பின்னால் ஆணையரும் வெற்றிடமும் யாரோ பெரிய மனிதருக்குக் கூடத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தார்கள். டீச்சர் ஒதுங்கி வழிவிட்டார். நொண்டியபடி இரண்டடி ஒதுங்கினார். அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏண்டா," என்றாள் அக்கா, அவர்கள் முதுகைப் பார்த்தபடி, "இவங்களுக்கு மட்டும் தலையில கொம்பா முளைச்சிருக்கு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுத்துருவின் பெயரைக் கண்டுபிடித்தோம். எழுத்திலிருந்து வழித்தெடுத்த கொம்பு எங்கே போயிற்று என்று ஒரு கூட்டத்தில்கூட நாங்கள் தேடவில்லை. மேசைக்கு எதிர்ப்பக்கம் நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும்.

கணக்கை முடித்துவிடுகிறேன். எழுத்தில் கழித்தது, கொம்பு ஒன்று. நகராட்சியில் கூட்டியது, தலைக்கு இரண்டு. டீச்சருக்குத் தர வேண்டியது, ஷூ ஒரு ஜோடி, நிலுவை.